சீனப் பஞ்சங்கள்: வானத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பசிபிக் கடல் சூடேறி மழையைப் பாதிக்கும் எல் நினோ பற்றி உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரை சீனப் பேரரசுகளின் பஞ்ச வரலாற்றை ஒரே பத்தியில் முடித்துவிட்டது. மழை பொய்த்தது, பஞ்சம் வந்தது, அரசு கவிழ்ந்தது என்று எழுதியிருந்தார்கள். மழை பொய்த்தது உண்மை. ஆனால் மழை பொய்த்த ஆண்டுக்கும் மக்கள் மடிந்த ஆண்டுக்கும் நடுவே அரசும் சந்தையும் சாலையும் என்ன செய்தன என்பதை விட்டுவிட்டால், அந்த வரலாற்றிலிருந்து நாம் கற்றுக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. அரிசியில் கணிசமான பங்கை இறக்குமதி செய்து சாப்பிடும் மலேசியாவில் இருக்கிறோம். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாக எழுத அனுமதியுங்கள்.

இரண்டு வறட்சிகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். இரண்டுமே வட சீனாவில், சிங் அரசமரபின் (1644-1912) ஆட்சியில் நிகழ்ந்தவை. முதலாவது 1743-44. பெய்ஜிங்கைச் சுற்றியுள்ள ஜிலி மாநிலத்தில் பயிர் கருகியது. அந்த 1743 ஜூலையில் பெய்ஜிங்கில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார்கள் வெப்பமானி வைத்து அளந்த வெப்பம் 44 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. வெயிலுக்கே ஆயிரக்கணக்கானோர் பலியானார்கள். ஆனால் விளைச்சல் போனதால் பெருமளவில் பட்டினிச் சாவு வராமல் தடுத்துவிட்டார்கள். இரண்டாவது 1876-79. ஷான்சி, ஹெனான், ஷாண்டோங், ஜிலி, ஷென்சி ஆகிய ஐந்து மாநிலங்களிலும் இறந்தவர்கள் 95 லட்சத்திலிருந்து 1 கோடியே 30 லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். ஒரே நிலம், ஒரே அரசமரபு. 1876-79 வறட்சி நீண்டது, பரந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது மட்டும் இவ்வளவு பெரிய வேறுபாட்டை விளக்காது.

முதலில் வறட்சி அங்கே பயிரை எப்படி அடிக்கிறது என்று பார்ப்போம். வட சீனாவில் கோதுமையை இலையுதிர் காலத்தில் விதைத்து, அடுத்த ஜூன் வாக்கில் அறுப்பார்கள். தினையும் சோளமும் வசந்தத்தில் விதைத்து செப்டம்பரில் அறுப்பது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஜூலை, ஆகஸ்ட் இரண்டே மாதங்களில் கொட்டிவிடும். கோடை மழை தவறினால் தினை போகும், அடுத்த கோதுமையை விதைக்க மண்ணில் ஈரமும் இருக்காது. ஆகவே ஒரு கோடை பொய்த்தால் இரண்டு அறுவடை போகிறது. இரண்டாவது கோடையும் பொய்த்தால் விதைத் தானியத்தையே தின்னும் நிலை. அதற்குள் உழவு மாட்டை விற்றிருப்பார்கள், அல்லது அறுத்துத் தின்றிருப்பார்கள். பிறகு மழை வந்தாலும் உழ மாடில்லை, போட விதையில்லை. பஞ்சம் மழை திரும்பிய பிறகும் ஓராண்டு நீடிப்பதற்குக் காரணம் இதுதான்.

வெள்ளத்தின் கணக்கு வேறு. மஞ்சள் ஆறு வண்டலைச் சுமந்து வந்து படுகையில் கொட்டுவதால், கரைகளுக்கு நடுவே ஆறு சுற்றியுள்ள வயலைவிட உயரத்தில் ஓடும். கரை உடைந்தால் தண்ணீர் தானாகத் திரும்பிப் போகாது. 1887 செப்டம்பரில் ஜெங்ஜோ அருகே உடைந்த கரையை 1889 ஜனவரியில்தான் அடைக்க முடிந்தது. கரையை அடைக்கும் முக்கியப் பொருள் சோளத்தட்டைக் கட்டு. அந்தச் சோளமே வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது. இறந்தவர்கள் சுமார் 9 லட்சம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மூழ்கியவர்களோடு, ஓராண்டுக்கு மேல் விதைக்க முடியாமல் போன நிலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

குளிரும் உண்டு. 1815-இல் நம் பக்கத்துச் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் சாம்பலும் கந்தக மூட்டமும் பரவியதில் தென்மேற்குச் சீனாவின் யுன்னானில் அடுத்தடுத்த ஆண்டுகளில் கோடையே குளிர்ந்துபோனது. நெற்கதிர் பொதிப் பருவத்தில் குளிர் தாக்கினால் மகரந்தம் மலடாகிவிடும். வயல் பச்சையாக நிற்கும், கதிரில் பால் பிடிக்காது. அங்கே மூன்றாண்டுப் பஞ்சம். வெட்டுக்கிளியும் உண்டு. அதை மிங் காலத்து அறிஞர் ஷூ குவாங்சி 1630-இல் ஆராய்ந்திருக்கிறார். பழைய ஆவணங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட படையெடுப்புகளை மாதவாரியாகப் பிரித்துப் பார்த்து, நீர் ஏறி இறங்கும் ஏரிக்கரைகளில்தான் அது முட்டையிட்டுப் பெருகுகிறது என்று காட்டினார். வறட்சியில் ஏரி சுருங்கினால் அந்தக் கரை அகலமாகும். பறக்கத் தொடங்கிய பிறகு துரத்துவதைவிட, முட்டையாக இருக்கும்போதே மண்ணைக் கிளறி அழிப்பது மேல் என்றார்.

இனி 1743-க்கு வருகிறேன். அன்று அரசு என்ன செய்தது என்பது படிப்படியாகப் பதிவாகியிருக்கிறது. நிவாரணத்தை நடத்திய அதிகாரிகளில் ஒருவரான ஃபாங் குவான்செங் அந்த ஆவணங்களைத் தொகுத்தே வைத்தார்.

கோடைச் சேதத்தைச் சீன நாட்காட்டியின் ஆறாம் மாத முடிவுக்குள், இலையுதிர்காலச் சேதத்தை ஒன்பதாம் மாத முடிவுக்குள் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தாமதித்த அதிகாரிக்குத் தண்டனை. அடுத்து வயல் வயலாகப் போய் சேதத்தைப் பத்தில் எத்தனை பங்கு என்று மதிப்பிட வேண்டும். அதற்கு 40 நாள் கெடு. பத்துக்குப் பத்தும் போயிருந்தால் நிலவரியில் பத்தில் ஏழு பங்கு தள்ளுபடி. ஒன்பது போயிருந்தால் ஆறு பங்கு, எட்டுக்கு நான்கு, ஏழுக்கு இரண்டு, ஆறுக்கும் ஐந்துக்கும் ஒரு பங்கு. அதன் பிறகு குடும்பக் கணக்கு. மிக வறியவர், அடுத்த நிலை வறியவர் என்று வீடு வீடாகப் பிரித்துச் சீட்டு கொடுப்பார்கள். முதலில் எல்லாருக்கும் ஒரு மாத உதவி. முழுச் சேதமான ஊரில் மிக வறிய குடும்பத்துக்கு மேலும் நான்கு மாதம், அடுத்த நிலைக்கு மூன்று மாதம். பெரியவருக்கு நாளொன்றுக்கு அரைச் செங் அரிசி, அதாவது ஏறத்தாழ 400 கிராம். பிள்ளைகளுக்கு அதில் பாதி.

இதில் பாதியைத் தானியமாகவும் பாதியை வெள்ளியாகவும் கொடுத்தார்கள். வெள்ளியைக் கொண்டுபோவது எளிது. ஆனால் சந்தையில் தானியம் இருந்தால்தான் வெள்ளிக்கு மதிப்பு. அதற்காகத் தெற்கிலிருந்து பெருங்கால்வாய் வழியாகத் தலைநகருக்கு வரும் வரித் தானியத்தைப் பெய்ஜிங்குக்குப் பக்கத்துத் தோங்ஜோ களஞ்சியங்களிலிருந்து எடுத்து, பாதித்த மாவட்டங்களுக்கு அனுப்பினார்கள். நிவாரணம் அவரவர் ஊரிலேயே கிடைத்ததால் மக்கள் வீட்டை விட்டுக் கிளம்பவில்லை. கிளம்பாததால் விதைப்புக் காலத்தில் நிலத்தில் ஆள் இருந்தார்கள்.

கூட்டத்தை ஓரிடத்தில் சேர்க்கக்கூடாது என்பதைச் சீன அதிகாரிகள் அதற்கும் 700 ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தார்கள். 1048-இல் ஹெபெய் வெள்ளத்திலிருந்து தப்பி வந்தவர்களை, சோங் காலத்து அமைச்சர் ஃபூ பி சிங்ஜோவில் ஒரே முகாமில் அடைக்கவில்லை. அரசு, தனியார் வீடுகளில் லட்சத்துக்கும் மேற்பட்ட அறைகளைத் திரட்டி ஊர் ஊராகப் பிரித்துத் தங்கவைத்தார். 5 லட்சம் பேருக்கு மேல் பிழைத்தார்கள். நகருக்குள் கூட்டிவைத்துக் கஞ்சி ஊற்றினால் நோய் பரவி, சோறு கிடைத்தும் சாவார்கள் என்பதே அவர் சொன்ன காரணம். 1878 ஜனவரியில் தியான்ஜினில் அதன் கொடிய வடிவம் நேர்ந்தது. பெண்களையும் குழந்தைகளையும் தங்கவைத்திருந்த கஞ்சித்தொட்டிக் கொட்டகையில் தீப்பிடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கருகினார்கள். கதவு பூட்டியிருந்தது. பல நாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாக வயிறு நிறையக் கொடுக்கக்கூடாது என்றும் பழைய நிவாரண நூல்கள் எச்சரிக்கின்றன. இன்றைய மருத்துவமும் அதையே சொல்கிறது.

களஞ்சியத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறு பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. விலை நிலைப்படுத்தும் களஞ்சிய முறையைக் கி.மு. 54-இல் ஹான் அரசு தொடங்கியது. விலை தாழ்ந்தபோது வாங்கி, உயர்ந்தபோது விற்பது அதன் வேலை. சிங் காலத்தில் அதற்கு ஒரு விதி இருந்தது: ஏழு பங்கை வைத்துக்கொள், மூன்று பங்கை விற்றுவிடு. அறுவடைக்கு முந்திய வசந்தத்தில் விலை ஏறும். அப்போது கையிருப்பில் பத்தில் மூன்றைச் சந்தை விலையைவிடக் குறைத்து விற்க வேண்டும், அறுவடை முடிந்ததும் புதுத் தானியம் வாங்கி நிரப்ப வேண்டும். ஈரம் மிகுந்த தென் மாநிலங்களில் இன்னும் அதிகமாகச் சுழற்றினார்கள். உமி நீக்கிய அரிசி சீக்கிரம் கெடும் என்பதால் நெல்லாகவே வைத்தார்கள். அதற்கு வெகுமுன்பே டாங் அரசின் (618-907) சட்டம் இதை ஆண்டுக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறது. காய்ந்த நிலத்துக் குழியில் தினை ஒன்பது ஆண்டு தாங்கும், அரிசி ஐந்து ஆண்டு. தாழ்ந்த ஈர நிலமானால் தினைக்கு ஐந்து, அரிசிக்கு மூன்று.

லுவோயாங்கில் அந்தக் காலத்து ஹான்ஜியா களஞ்சியத்தைத் தோண்டியபோது இருநூற்றுக்கும் மேற்பட்ட நிலத்தடிக் குழிகள் கிடைத்தன. ஒன்றில் கரியாகிப்போன தினை டன் கணக்கில் அப்படியே இருந்தது. குழிகளில் எழுத்து பொறித்த செங்கற்கள் இருந்தன. எந்தக் குழி, எந்த ஊர்த் தானியம், என்ன தானியம், எத்தனை ஷி (சீனத் தானிய அளவை), எந்தத் தேதியில் இறக்கியது, பொறுப்பான அதிகாரிகள் யார் என்று அந்தச் செங்கல்லிலேயே இருக்கிறது. தானியம் கெட்டாலோ குறைந்தாலோ யாரைக் கேட்பது என்ற கேள்விக்கே இடமில்லை.

களஞ்சியம் நிறைந்திருந்தால் மட்டும் போதாது. 594-இல் தலைநகர்ப் பகுதியில் கடும் வறட்சி. சூய் பேரரசரின் களஞ்சியங்கள் நிரம்பி வழிந்தன, ஆனால் திறக்கவில்லை. பேரரசரே மக்களைக் கூட்டிக்கொண்டு கிழக்கே சாப்பாடு தேடிப் போனார். அந்த அரசமரபு 618-இல் விழுந்தது. விழுவதற்குச் சற்று முன்பு ஒரு கிளர்ச்சித் தலைவர் லுவோகோ களஞ்சியத்தைப் பிடித்துக் கதவைத் திறந்துவிட்டார், கூட்டம் அவர் பக்கம் திரண்டது. நிரம்பிய களஞ்சியத்தைப் பூட்டி வைத்த அரசுக்கு அதைவிடப் பொருத்தமான தண்டனை இருக்க முடியாது என்பது என் எண்ணம்.

சிங் காலத்தில் சிக்கல் வேறு மாதிரி. வசந்தத்தில் விற்ற தானியத்தை அதே விலைக்கு இலையுதிர் காலத்தில் வாங்க முடியாமல் போனால் குறை அதிகாரியின் தலையில் விழும். ஆகவே விற்கவே பயந்தார்கள். விற்காத தானியம் புழுத்தது, எலிக்கும் வண்டுக்கும் போனது. சிலர் தானியத்துக்குப் பதில் வெள்ளியைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கணக்கில் நெல் என்று எழுதினார்கள். இன்னொரு பக்கம், எல்லா மாவட்டங்களும் ஒரே சமயம் வாங்கப் போனதால் அறுவடைக் காலத்திலேயே விலை ஏறியது என்ற புகார் எழுந்தது. 1748-இல் கியான்லோங் பேரரசர் நாட்டின் மொத்த இலக்கைச் சுமார் 4 கோடியே 80 லட்சம் ஷியிலிருந்து 3 கோடியே 38 லட்சம் ஷி அளவுக்குக் குறைத்தார். ஒரு ஷி ஏறத்தாழ 100 லிட்டர். குறைத்ததும்கூட அந்த நூற்றாண்டில் வேறெந்த அரசும் வைத்திராத கையிருப்பு. 19-ஆம் நூற்றாண்டில் அது கரைந்தது. அந்நூற்றாண்டின் நடுவில் நடந்த தைப்பிங் உள்நாட்டுப் போர் மிச்சத்தையும் தின்றுவிட்டது.

1876-இல் வறட்சி வந்தபோது ஷான்சியின் களஞ்சியங்கள் பெரும்பாலும் வெறுமை. நல்ல நிலத்தில் ஒரு பங்கு அபினிப் பயிருக்குப் போயிருந்தது. அரசின் பணம் மேற்கே சின்ஜியாங் படையெடுப்பில் கொட்டிக்கொண்டிருந்தது. 1855-இல் மஞ்சள் ஆறு வடக்கே திசை மாறியபோது பெருங்கால்வாயை வெட்டிக்கொண்டு போனதால், 1743-இல் கைகொடுத்த அந்த நீர்வழி பழைய நிலையில் இல்லை. தெற்கிலிருந்தும் மஞ்சூரியாவிலிருந்தும் தானியம் கடல் வழியாகத் தியான்ஜினுக்கு வந்தது. அங்கே துறைமுகத்தில் மூட்டைகள் மலைபோல் குவிந்து, மழையிலும் பனியிலும் கிடந்தன. ஷான்சி இருப்பதோ தைஹாங் மலைக்கு அப்பால். ஆற்றுப் படகில் கொஞ்ச தூரம், பிறகு குகுவான் கணவாய் வழியே கழுதை, கோவேறு கழுதை, ஒட்டகம், மாட்டு வண்டி. வழியில் புல்லில்லை என்பதால் விலங்கு தன் தீனியையும் சுமக்க வேண்டும். பசியில் இருந்தவர்கள் அந்த விலங்குகளையே வெட்டித் தின்றார்கள். ஒரே குறுகிய பாதையில் மேலே ஏறும் கூட்டமும் கீழே இறங்கும் கூட்டமும் முட்டிக்கொண்டு நாள் கணக்கில் அசையாமல் நின்றன. ஷான்சி ஆளுநர் செங் குவோசுவானுக்கு வெள்ளி வந்தது, தானியம் வரவில்லை. மழை திரும்பிய 1878-இல் டைபஸ் காய்ச்சல் பரவி, நிவாரணத்துக்கு வந்தவர்களையும் கொண்டுபோனது.

1876-இல் சீனாவை வாட்டிய அதே எல் நினோ அதே ஆண்டுகளில் நம் முன்னோரையும் அடித்தது. தமிழர் அதைத் தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் சொல்கிறோம். சென்னை மாகாணத்தில் ரயில் இருந்தது, துறைமுகம் இருந்தது, தானியமும் நகர்ந்தது. ஆனால் வாங்கக் காசில்லாதவனுக்கு ரயில் என்ன கொண்டுவரும்? பிரிட்டிஷ் அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், கல்லுடைக்கும் ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது 450 கிராம். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதைக் கடுமையாக எதிர்த்தார். 1743-இல் சீன அரசு வேலை வாங்காமலே கொடுத்த 400 கிராமை நினைத்துப் பாருங்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் மாண்டவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். பஞ்சம் துரத்தியவர்களில் ஒரு பகுதியினர் கப்பலேறி வந்து சேர்ந்தது இங்கே, இன்று செபராங் பிறை எனப்படும் வெல்லெஸ்லி மாநிலத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு. ஆகவே இந்த வரலாறு செபராங் பிறையில் வாழும் தமிழருக்கு அயல்நாட்டுக் கதை அல்ல.

விலைக் கட்டுப்பாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1050-இல் ஹாங்ஜோ பஞ்சத்தில் சோங் அமைச்சர் ஃபான் ஜோங்யான் விலையைக் கட்டுப்படுத்தவில்லை. டோ என்னும் தானிய அளவைக்கு 120 காசாக இருந்ததை 180 ஆக உயர்த்தி, ஊர் ஊராக அறிவிப்பு ஒட்டினார் என்கிறது அக்காலக் குறிப்பு. வணிகர்கள் இரவு பகலாகப் படகில் கொண்டுவந்து குவித்தார்கள், விலை தானாக இறங்கியது. கூடவே கோயில் திருப்பணி, களஞ்சியக் கட்டுமானம் என்று வேலை கொடுத்து ஏழைகளின் கையில் கூலி சேரவும் வழி செய்தார். ஹாங்ஜோவுக்கு நீர்வழி உண்டு என்பதால் அது பலித்தது. ஷான்சியில் 1877-இல் விலை எவ்வளவோ ஏறியும் மூட்டை மலையேறவில்லை.

2023-இல் நம் கடைகளில் நடந்ததை இதோடு ஒப்பிடுங்கள். ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. செப்டம்பர் 1-இல் இங்கே இறக்குமதி அரிசியின் மொத்த விற்பனை விலை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட் ஆனது. உள்ளூர் வெள்ளை அரிசி 10 கிலோ 26 ரிங்கிட் என்ற சில்லறை விலை உச்சவரம்பு அப்படியே இருந்தது. அதாவது முன்பு மொத்த விற்பனையில் கிலோ 2 ரிங்கிட் 35 காசுக்குக் கிடைத்த இறக்குமதி அரிசி, ஒரே நாளில் உள்ளூர் அரிசியின் சில்லறை உச்சவரம்பான 2 ரிங்கிட் 60 காசைத் தாண்டி 3 ரிங்கிட் 20 காசுக்குப் போனது. எல்லாரும் உள்ளூர் அரிசிக்குத் திரும்பினார்கள், அது தட்டிலிருந்து காணாமல் போனது. உள்ளூர் அரிசி மூட்டை மாறி இறக்குமதியாக விற்கப்படுகிறது என்ற சந்தேகமும் எழுந்தது. அது பஞ்சம் அல்ல, பஞ்சம் என்று சொல்வது தவறு. ஆனால் ஒரு பக்கம் விலையைக் கட்டி, மறு பக்கம் அவிழ்த்துவிட்டால் சரக்கு எந்தப் பக்கம் ஓடும் என்பது சோங் அதிகாரிகளுக்குத் தெரிந்த கணக்கு.

நம் உள்ளூர் அரிசியில் கணிசமான பங்கு கெடா, பெர்லிஸின் மூடா பாசனப் பகுதியில், சுமார் 1 லட்சம் ஹெக்டேரில் விளைகிறது. பெடு, மூடா, ஆனிங் அணைகளின் நீர் குறைந்தால் இரண்டு போகத்தில் ஒன்று தடுமாறும். வறட்சி வரும்போதெல்லாம் அணைகளின் நீர்மட்டத்தைப் படத்தோடு வெளியிடுகிறீர்கள், நல்லது. அதே பக்கத்தில் வேறு சில எண்களையும் சம்பந்தப்பட்ட அமைச்சிடம் கேட்டு வாங்கி மாதந்தோறும் அச்சிடுங்கள் என்பதே என் வேண்டுகோள். தேசியக் கையிருப்பு எத்தனை டன்? அது நெல்லா, அரிசியா? எத்தனை நாளைக்குப் போதும்? எந்தெந்த மாநிலக் கிடங்கில் எவ்வளவு? அதில் மிகப் பழைய சரக்கு எந்த மாதத்தில் இறக்கியது? கடந்த மூன்று மாதத்தில் எவ்வளவு வெளியே போய், எவ்வளவு புதிதாக உள்ளே வந்தது? கடைசிக் கேள்விக்குப் பதில் வராவிட்டால், மற்ற எண்களை நம்பி அச்சிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியர்,
பட்டர்வொர்த், பினாங்கு.